'கத்தோலிக்க வொர்க்கர்' (கத்தோலிக்கத் தொழிலாளி) என்ற அமெரிக்கப் பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்றார்களே, அது எப்படிக் கட்டுப்படியானது?

கட்டுப்படியாகவே இல்லை. 1933 மே 1 அன்று நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் மே தினக் கூட்டத்தில், பத்திரிகையை நிறுவிய டாரதி டேயும் நண்பர்களும் முதல் இதழை விற்றார்கள். அச்சிட்டது 2,500 பிரதி, செலவு 57 டாலர். வகுத்துப் பாருங்கள், பிரதிக்கு இரண்டு சென்ட்டுக்கு மேல் ஆகிறது. ஆக, மொத்தமும் விற்றால்கூட நஷ்டம்தான்! மீதியை நன்கொடை ஈடுகட்டியது.

காரணம் எளிது. அது பொருளாதாரப் பெருமந்தக் காலம், வேலையில்லாதவனும் வாங்கிப் படிக்க வேண்டும். அதே கூட்டத்தில் கம்யூனிஸ்டுகள் தங்கள் நாளிதழான 'டெய்லி வொர்க்கர்' விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயரே அதற்கான பதில்தான். பத்திரிகையின் இன்னொரு நிறுவனர் பீட்டர் மாரினுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'கத்தோலிக்க ராடிக்கல்' என்று வைக்கச் சொன்னாராம்.

சில ஆண்டுகளில் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கத்தோலிக்கர் பலர் ஆதரித்த தளபதி பிராங்கோவை ஆதரிக்க மறுத்தார்கள், இரண்டாம் உலகப்போரையும் எதிர்த்தார்கள். வாசகர்கள் கொத்துக் கொத்தாக விலகினார்கள். போர் நிலைப்பாட்டையும் மாற்றவில்லை, விலையையும் ஏற்றவில்லை. என் பார்வையில், அதை வியாபாரமாக நடத்தியிருந்தால் இந்தப் பிடிவாதம் சாத்தியமே இல்லை.