ஒப்ஷன் வாங்குமுன் மணிக்கூட்டையும் பாருங்கள்

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: வெளிநாட்டுத் தரகரிடம் கணக்கு வைத்து பியூச்சர்ஸ் ஒப்ஷன் (எதிர்கால ஒப்பந்தத்தைக் குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமை) செய்கிறேன். மலிவாகத் தெரிந்ததால் ஒரேஞ் ஜூஸில் ஒரு கோல் (வாங்கும் உரிமை) எடுத்தேன். சந்தை அசையவே இல்லை, ஆனாலும் விற்கப் போனபோது 300 டொலர் நட்டம். காலையில் வேலைக்குப் போகுமுன் பார்த்தால் மற்றவற்றிலும் பிட்டுக்கும் (வாங்குவோர் தரும் விலை) ஆஸ்குக்கும் (விற்போர் கேட்கும் விலை) இடையே பெரிய இடைவெளி. எதைத்தான் தெரிவு செய்வது?

உங்கள் பணத்தைத் தின்றது ஸ்பிரெட், அதாவது அந்த இடைவெளி. ஒரேஞ் ஜூஸ் ஒப்பந்தம் ஒன்று 15,000 இறாத்தல். இறாத்தலுக்குப் பிட் 4 சதம், ஆஸ்க் 6 சதம் என்று வையுங்கள். 900 டொலருக்கு வாங்கி அந்த நிமிடமே விற்றாலும் 600 தான் திரும்பி வரும். மசகு எண்ணெயில் ஒப்பந்தம் 1,000 பீப்பாய். பீப்பாய்க்குப் பிட் 1.50 டொலர், ஆஸ்க் 1.52 என்றால் 1,520 டொலர் பிரீமியத்தில் (ஒப்ஷனுக்குக் கொடுக்கும் விலை) போவது வெறும் 20 டொலர்.

ஆகவே ஸ்பிரெட் எத்தனை டிக் (விலை நகரும் மிகச் சிறிய படி) என்று எண்ணாதீர்கள், பிரீமியத்தில் எத்தனை வீதம் என்று பாருங்கள். ஸ்ட்ரைக் என்பது ஒப்ஷனில் குறித்த விலை. பிட் 0.01, ஆஸ்க் 0.02 இருக்கும், நடப்பு விலைக்குத் தூரத்து ஸ்ட்ரைக்கில் இடைவெளி ஒரே ஒரு டிக் தான். ஆனால் வாங்கியவுடன் பாதிக் காசு போச்சு. ஐந்து வீதத்தைத் தாண்டினால் நான் தொடமாட்டேன். இது என் அளவுகோல், சட்டம் இல்லை.

பொருள் என்று கேட்டால் எஸ் அண்ட் பி 500 ஈ-மினி (அமெரிக்கப் பங்குச் சுட்டெண்ணின் எதிர்கால ஒப்பந்தம்), மசகு எண்ணெய், தங்கம், அமெரிக்காவின் 10 ஆண்டுத் திறைசேரிப் பத்திரம், சோளம், சோயா. இவை போதும். ஒரேஞ் ஜூஸ், ஓட்ஸ், மரப்பலகை எல்லாம் வேடிக்கை பார்க்க மட்டும். மைக்ரோ ஈ-மினியின் பெருக்கி (சுட்டெண்ணின் ஒரு புள்ளிக்கான பெறுமதி) 50 டொலருக்குப் பதில் 5 டொலர் என்பதால் சிறிய கணக்குக்குப் பொருந்தும். ஆனால் அதன் ஒப்ஷன்களில் ஆட்கள் குறைவு, ஸ்பிரெட் வீதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பொருளின் பெயரை மட்டும் நம்பினாலும் ஆபத்து. மசகு எண்ணெயிலேயே எட்டு மாதத்துக்கு அப்பால் போனால் பல ஸ்ட்ரைக்குகள் வெறிச்சோடிக் கிடக்கும். கிட்டிய மாதங்களில், நடப்பு விலைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். 71.50ஐ விட 70, 75 போன்ற முழு எண் ஸ்ட்ரைக்குகளில்தான் ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்கப்படாமல் இருக்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை) சேரும். அந்த எண்ணிக்கையும் பழைய கையிருப்பைத்தான் காட்டும். இன்று வொலியூம் (கைமாறும் ஒப்பந்தங்களின் அளவு) ஓடுகிறதா, பிட்டிலும் ஆஸ்கிலும் எத்தனை ஒப்பந்தங்கள் நிற்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் காலைப் பார்வை. கொழும்பில் காலை எட்டு மணி என்றால், கோடைகால நேரத்தில் நியூயோர்க்கில் முதல்நாள் இரவு பத்தரை. ஈ-மினி அப்போதும் ஓடும்தான், ஆனால் பெரிய கைகள் தூங்குகின்றன. நியூயோர்க் பங்குச் சந்தையும் சிக்காகோ தானியங்களின் பகல் அமர்வும் நமக்கு இரவு ஏழு மணிக்குத் திறக்கின்றன, நவம்பர் முதல் மார்ச் வரை எட்டு மணிக்கு. முதல் கால் மணி நேரத்தை விட்டுவிட்டுப் பாருங்கள். காலையில் பூதம் போல் தெரிந்த ஸ்பிரெட் அப்போது சுருங்கியிருக்கும். புதன் இரவு அமெரிக்க எண்ணெய் இருப்பு அறிக்கை வரும் நேரத்தில் மட்டும் எண்ணெய்ப் பக்கம் போகாதீர்கள், பிட்டை எல்லோரும் உருவிக்கொள்வார்கள்.

மார்க்கெட் ஓடர் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் அல்லது விற்கும் கட்டளை) ஒருபோதும் வேண்டாம். பிட்டுக்கும் ஆஸ்குக்கும் நடுவில் லிமிட் (நீங்கள் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காத கட்டளை) வையுங்கள், நிரம்பாவிட்டால் ஒவ்வொரு டிக்காக நகருங்கள். மூன்று நான்கு டிக் நகர்ந்தும் ஒருவரும் வரவில்லையா? சரி, அந்த ஸ்ட்ரைக்கை விடுங்கள். வாங்கும்போதே ஆள் இல்லை என்றால் விற்கும்போது யார் வருவார்?

அப்புறம், டொலர் அனுப்பும் விடயம். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும் ஒழுங்குவிதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த தொகையை அனுப்புமுன், அது எந்தக் கணக்கினூடாகப் போகலாம், போகலாமா என்பதை உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.