ஒரே குமிழில் இரண்டு மருந்து

கேள்வி: புற்றுநோய்க்கு இரண்டு மருந்துகளை ஒரே நானோ துகளுக்குள் வைத்துக் கொடுக்கிறார்களாமே? தனித்தனியாக டிரிப்பில் ஏற்றினால் உள்ளே போய் எப்படியும் கலந்துவிடாதா?

பதில்: கலக்கும், ஆனால் எந்த அளவில் கலக்கும் என்பதுதான் சிக்கல். ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். சைட்டராபின் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்று 1970களிலிருந்து கொடுத்து வருகிறார்கள், டாக்டர்கள் வாயில் அது 'செவன் பிளஸ் த்ரீ'. இந்த இரண்டையும் ஆய்வகத்தில் புற்றுச் செல்கள் மேல் விட்டுப் பார்த்தபோது, ஒரு விகிதத்தில் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன, இன்னொரு விகிதத்தில் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறது. டிரிப்பில் என்னதான் அளந்து ஏற்றினாலும் உடம்பு இரண்டையும் ஒரே வேகத்தில் வெளியேற்றுவதில்லை, ஆகவே செல்லைத் தொடும் நேரத்தில் நம் கணக்கு கலைந்திருக்கும்.

அதனால் லிப்போசோம் என்னும் கொழுப்புக் குமிழுக்குள், ஐந்து மூலக்கூறு சைட்டராபினுக்கு ஒரு மூலக்கூறு டானோரூபிசின் என்று அடைத்தார்கள். குமிழின் அளவு சுமார் 100 நானோமீட்டர், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் சுற்றும்போதும் விகிதம் குலையாமல் இருக்கிறது, எலும்பு மஜ்ஜையில் போய்ச் சேர்கிறது, அங்கே புற்றுச் செல்கள் குமிழை அப்படியே விழுங்குகின்றன. வைக்சியோஸ் என்ற பெயரில் 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சரி, பலன்? 60 முதல் 75 வயதுக்குள், நோய் கடுமையான வகையாக இருந்த 309 பேரிடம் சோதித்தார்கள். பழைய முறையில் சராசரியாக ஆறு மாதம் உயிர் வாழ்ந்தார்கள் என்றால், இதில் ஒன்பதரை மாதம். மூன்றரை மாதம்தானா என்று தோன்றலாம்; உள்ளே இருப்பது அதே இரண்டு பழைய மருந்துகள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் பழைய நிலைக்கு வர அதிக நாளாகும், அதுவரை தொற்று, ரத்தக்கசிவு பயம் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இதைக் கேட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம், இது ஏ.எம்.எல்.லுக்கு மட்டும், அதிலும் சில வகைகளுக்குத்தான். கட்டியாக வரும் புற்றுநோய்களில் கதையே வேறு. பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் திரட்டிப் பார்த்தபோது, விலங்குகளுக்கு ஊசியில் போட்ட நானோ துகள்களில் கட்டியைப் போய்ச் சேர்ந்தது சராசரியாக 0.7 சதவீதம். பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. 'குறி தவறாத ஏவுகணை' என்று எழுதுகிறவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மார்பகப் புற்றுக்கும் நானோ மருந்து இருக்கிறது. பாக்லிடாக்செல்லை அல்புமின் புரதத்தோடு சேர்த்த ஊசி 2005லேயே வந்துவிட்டது, பரவிய நோய்க்குக் கொடுக்கிறார்கள். துகளில் இருப்பது ஒரே மருந்துதான், கூட்டு தேவைப்பட்டால் இன்னொன்றைத் தனியாக ஏற்றுவார்கள். அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், இந்த வகைக்கு அது பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.