மாடியில் மிஞ்சும் கன்றுகளுக்கு விலை வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீட்டின் மொட்டை மாடியில் ஆறு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். செம்பருத்தி, மல்லி, கறிவேப்பிலை, பாம்புச் செடி, மணி பிளான்ட், தக்காளி, மிளகாய் நாற்று என எப்போதும் நாற்பது ஐம்பது கன்றுகள் மிஞ்சிவிடுகின்றன. இதுவரை கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்துவந்தேன். இனி வீட்டிலிருந்தே விற்கலாமா என்று யோசிக்கிறேன். உரிமம், வரி ஏதாவது உண்டா? என்ன விலை வைப்பது? தெரிந்தவர்களிடம் காசு கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்: கடைசியாகச் சொன்ன கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன். மணி பிளான்டைக் காசு கொடுத்து வாங்கினால் தழைக்காது, சொல்லாமல் கிள்ளிக்கொண்டு போய் வைத்தால்தான் தழைக்கும் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. நீண்ட காலம் நர்சரி நடத்தியவன் என்ற முறையில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கை தானாகக் கல்லாப்பெட்டியின் மேல் போகும். ஆனால் சும்மா கொடுப்பதற்கும் விற்பதற்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. நீங்கள் சும்மா கொடுத்த கன்று பட்டுப்போனால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லக்கூட மாட்டார். 60 ரூபாய் கொடுத்து வாங்கியது பட்டுப்போனால் வந்து நிற்பார். நிற்கவும் வேண்டும். ஆகவே விலையைப் பற்றிப் பேசுமுன், மிஞ்சிய ஐம்பதில் எத்தனை விற்கத் தக்கவை என்று பார்ப்போம். என் அனுபவத்தில் பாதி தேறினாலே அதிகம்.

முதல் சோதனை வேர். செம்பருத்திக் குச்சியை நட்டு மூன்று வாரத்தில் பச்சைப் பசேலென்று தளிர் வந்தவுடன் பலரும் கன்று தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். குச்சிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சத்திலேயே முதல் தளிர்கள் வந்துவிடும். கீழே ஒரு வேர்கூட இல்லாமலே நாலு இலை விட்டு நிற்கும் குச்சிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதை வாங்கிப் போனவர் வெயிலில் வைப்பார், இரண்டே நாளில் வாடும், பழி உங்கள் மேல். பத்துப் பைக்கு ஒரு பையையாவது கவிழ்த்து, மண்கட்டி உதிராமல் வெளியே எடுத்துப் பாருங்கள். கட்டியின் ஓரத்தில் வெள்ளை வேர் நுனிகள் தெரிய வேண்டும். மண் பொலபொலவென்று கொட்டினால் இன்னும் மூன்று வாரம் போகட்டும். மல்லிக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். குச்சி வைத்து மூன்று மாதமாவது ஆகாத மல்லிக் கன்றை நான் கைமாற்றியதில்லை.

இரண்டாவது, வெயிலுக்குப் பழக்குவது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் நிழல்வலைக்குள் செழிப்பாக நின்ற நாற்பது குண்டுமல்லிக் கன்றுகளை அப்படியே ஒரு கல்யாண வீட்டுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். மே மாதம். வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நிழலில் வளர்ந்த இலை மெல்லியது, திடீர் வெயிலைத் தாங்காது. விற்பதற்குப் பத்து நாள் முன்பிருந்து காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். இலை சற்றே தடித்து, நிறம் மங்கினாற்போல் இருக்கும். பார்க்கக் கொஞ்சம் அழகு குறைந்தாலும் பிழைக்கும்.

மூன்றாவது பூச்சி. இது உங்கள் நல்ல பெயரோடு மட்டும் முடிகிற விஷயமில்லை. 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று தொற்றிக்கொண்டு தமிழக விவசாயிகளை அழவைத்தது. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கொய்யாவுக்குப் பெயர்போன பழனி ஆயக்குடிப் பக்கம் தோப்புகளை வாட்டும் வேர்முடிச்சு நூற்புழுவும் கண்ணுக்குத் தெரியாமல் கன்றின் வேரோடும் பையில் இருக்கும் மண்ணோடும் பயணம் செய்யும் ஆசாமிதான். ஆகவே இலையின் அடிப்புறம், கணுவிடுக்கு, பையின் அடியிலுள்ள துளை, மூன்றையும் பார்க்காமல் ஒரு கன்றும் படியிறங்கக் கூடாது. கவிழ்த்துப் பார்த்த வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அந்த மண்ணோடு குப்பைக்குப் போகட்டும், உரக்குழிக்கு வேண்டாம். ஒரு செடியில் மாவுப்பூச்சி கண்டால் அந்த வரிசை முழுவதையும் இரண்டு வாரம் தனியே தள்ளி வையுங்கள். கீரை, கறிவேப்பிலை போன்றவற்றுக்குச் சமீபத்தில் மருந்து ஏதும் அடித்திருந்தால் அதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போனவுடன் இரண்டு இலை கிள்ளி ரசத்தில் போடத்தான் அவர் வாங்குகிறார்.

இனி உண்மை பேசும் பகுதி. மஞ்சள் விளிம்புள்ள பாம்புச் செடியை இலைத் துண்டு வைத்து வளர்த்திருந்தால் பிள்ளைச் செடிக்கு அந்த மஞ்சள் விளிம்பு வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். கிழங்கோடு பிரித்து வைத்ததுதான் தாயைப் போலிருக்கும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத் தக்காளியின் பழத்திலிருந்து நீங்களே விதை எடுத்திருந்தால் அந்த நாற்றும் தாயைப் போல் காய்க்கும் என்று சொல்ல முடியாது. கொட்டை முளைத்து வந்த மாங்கன்றும் அப்படியே. எத்தனை ருசியான பழத்தின் கொட்டையாக இருந்தாலும் அதே பழம் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஆண், பெண் மரங்கள் தனித்தனியாக உள்ள பப்பாளி ரகங்களில் பூ வரும்வரை கன்றைப் பார்த்து எது எதுவென்று எவராலும் சொல்ல முடியாது, மூன்று கன்றாக வைக்கச் சொல்லிக் கொடுங்கள். இதையெல்லாம் மறைத்து விற்பதைவிட ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிட்டால் விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆள் வருவார். அரளி, அடினியம், டைபன்பாக்கியா விற்றால் அதே சீட்டில் நச்சுத்தன்மை உள்ளது என்றும் எழுதுங்கள், குழந்தை உள்ள வீடா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கோனோகார்பஸ் என்ற அலங்கார மரக்கன்று வைத்திருந்தால் விற்காதீர்கள், தமிழக அரசு அதற்குத் தடை விதித்திருக்கிறது. தொட்டியில் மிஞ்சும் ஆகாயத்தாமரையையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். காவிரிக் கரையில் இருப்பவருக்கு அதன் அட்டகாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சட்டத்துக்கு வருவோம். உயிருள்ள செடிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வரியில்லாப் பொருள்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை மட்டுமே விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவும் செய்ய வேண்டியதில்லை. பூந்தொட்டி, உரம் என்று சேர்த்து வியாபாரம் பெருகும்போது கணக்கு மாறும். வருமான வரியில், நர்சரியில் வளர்த்த நாற்று, கன்றுகளிலிருந்து வரும் வருமானம் விவசாய வருமானமாகக் கருதப்படும் என்று 2008-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். வெளியே வாங்கி அப்படியே கைமாற்றி விற்பது அந்தக் கணக்கில் வராது. தொகை பெரிதானால் ஆடிட்டரைப் பாருங்கள்.

பலர் கவனிக்காதது விதைச் சட்டம். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தில் விதை என்ற சொல்லுக்குள் உணவுப் பயிர்களின் நாற்று, கிழங்கு, குச்சி, ஒட்டுக்கன்று எல்லாம் அடங்கும். 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றை வியாபாரமாக விற்க உரிமம் தேவை. அதாவது தெருவில் நாலு பேருக்கு மிளகாய் நாற்று கொடுப்பது வேறு. வாராவாரம் தக்காளி நாற்றும் எலுமிச்சைக் கன்றும் போர்டு வைத்து விற்பதாக இருந்தால், உங்கள் மாவட்ட விதை ஆய்வு துணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுவதே சரி. பூச்செடி, அலங்காரச் செடிகளுக்கு நடைமுறை என்ன என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு மல்லி, செம்பருத்தி, பாம்புச் செடி, மணி பிளான்டோடு நிறுத்திக்கொண்டு, நாற்றுகளைப் பழையபடி சும்மா கொடுப்பதே உங்களுக்கு நான் சொல்லும் வழி. முருங்கைப் பொடி, உலர்ந்த மூலிகை என்று தின்னும் பண்டமாக மாற்றினால் அது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுக்குள் போய்விடும். செடியோடு நில்லுங்கள்.

விலை. பக்கத்து நர்சரியில் என்ன விலையோ அதில் பத்து ரூபாய் குறைத்து வைப்பது என்பதுதான் எல்லோரும் செய்வது. அது கணக்கே இல்லை. உதாரணத்துக்கு, ஒரு பை, மண்கலவை, உரம் எல்லாம் சேர்ந்து கன்றுக்கு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு குச்சி வைத்தால் 1,200 ரூபாய். அதில் அறுபதுதான் தேறும் என்றால் தேறிய கன்றின் அடக்கம் 20 ரூபாய். செத்த நாற்பதின் செலவையும் பிழைத்த அறுபதுதான் சுமக்க வேண்டும். அதற்கு மேல் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய உங்கள் உழைப்பு. கறாராகப் பார்த்தால் 50 ரூபாய்க்குக் கீழே கொடுப்பது உங்கள் முட்டியைச் சும்மா கொடுப்பதுதான், மாடிப்படி ஏறியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எல்லாச் செடிக்கும் அந்த விலை கிடைக்காது. ரோஜா, குரோட்டன்ஸ் வகைகளில் ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரி லாரியாக வந்திறங்கும் சரக்கோடு மாடித் தோட்டம் போட்டிபோட முடியாது, போடவும் வேண்டாம். லாரியில் வராததைப் பாருங்கள். பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், ஓமவல்லி, வெற்றிலைக் கொடி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றைத் தேடி அலைகிறவர்கள் நகரத்தில் ஏராளம். அதிலும் ஆறு ஆண்டு திருச்சி வெயிலில் உங்கள் மாடியிலேயே நின்று பிழைத்த தாய்ச்செடியின் பிள்ளை என்பது எந்த நர்சரியும் சொல்ல முடியாத தகுதி. அதைச் சொல்லி விலை கேளுங்கள். விற்பனைக்குக் காலமும் முக்கியம். ஆடி பிறந்தவுடன் கேட்பவர்கள் வருவார்கள், ஐப்பசி மழையில் வைத்தது எதுவும் பிழைக்கும். கத்திரி வெயிலில் நீங்களே விற்க மறுத்துவிடுவது நல்லது.

விற்கும் முறையில் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். யாரையும் மாடிக்கு ஏற்றாதீர்கள். ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்துவரை வாசலில் ஒரு பெஞ்சு, அதன் மேல் பதினைந்து இருபது கன்று, பணம் செலுத்த ஒரு க்யூஆர் அட்டை, அவ்வளவுதான் கடை. முன்பின் தெரியாதவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அழைப்புமணி அடிப்பதும் நிற்கும், பிறர் தோட்டத்துப் பூச்சி சட்டையில் ஒட்டிக்கொண்டு மேலே வருவதும் நிற்கும். வாட்ஸ்அப்பில் படம் போடுவதானால் விற்கப்போகும் கன்றையே, பக்கத்தில் உங்கள் கையை வைத்து எடுங்கள். பூத்துக் குலுங்கும் தாய்ச்செடியின் படத்தைப் போட்டுவிட்டு ஆறங்குலக் கன்றைக் கொடுத்தால் வாங்கியவர் முகம் சுருங்கும். பையில் தமிழ்ப் பெயர், குச்சி வைத்த தேதி, எவ்வளவு வெயில், எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் என நாலு வரி எழுதுங்கள். பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பழைய செய்தித்தாளில் சுற்றினாலே போதும்.

பட்டுப்போனால் என்ன செய்வது? பதினைந்து நாளுக்குள் வந்தால் ஒரு முறை மாற்றுக் கன்று என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், ஆனால் பட்டுப்போன செடியைப் பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். பெரும்பாலும் சொதசொதவென்று இருக்கும். திட்டாமல் மாற்றிக் கொடுத்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றும் வித்தையைச் சொல்லிக் கொடுங்கள்.

தெரிந்தவர்களிடம் காசு கேட்பதற்கு நான் கண்ட வழி, வாயால் கேட்காமல் இருப்பது. ஒவ்வொரு பையிலும் விலைச்சீட்டு ஒட்டிவிடுங்கள். அத்தை, சித்தி என்று மனம் கேட்காத இடத்தில் சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். நான் துளசிக்கு மட்டும் கடைசிவரை சீட்டு ஒட்டியதில்லை. வியாபார புத்தி அதற்கு ஒப்பவில்லை, காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. முதல் நாளே ஒருவர் வருவார், பெஞ்சில் உள்ள இருபதையும் விட்டுவிட்டு வாசலோரம் பூத்து நிற்கும் தாய்ச் செம்பருத்தியைக் காட்டி, ‘இதைக் கொடுங்கள், ஐந்நூறு தருகிறேன்’ என்பார். அந்த ஐந்நூறு மிகவும் பெரிதாகத் தெரியும். சனிக்கிழமை இரவே அதைத் தூக்கி வீட்டின் பின்பக்கம் வைத்துவிடுங்கள்.