மார்பு முதல் இடுப்பு வரை மாவுக்கட்டு: ஒன்றரை வயதுக் குழந்தையை எப்படிப் பழக்குவது?

கேள்வி இது: பதினெட்டு மாதக் குழந்தைக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. அடுத்த வாரம் மேத்தா காஸ்ட் எனப்படும் மாவுக்கட்டு போடப்போகிறார்கள். குழந்தை தாங்குமா, தூங்குமா, நடக்குமா, டயப்பரை எப்படி மாற்றுவது?

தாங்கும். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிரண்டு வாரத்துக்குள் கட்டோடு நடந்து, ஓடி, விளையாடத் தொடங்கிவிடும். பெற்றவர்கள் முக்கியமாகக் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. பிடிக்காமல் அழும் அழுகை ஒன்று, கட்டு எங்கோ அழுத்துவதால் அழும் அழுகை இன்னொன்று. முதலாவதுக்கு மடியும் பொறுமையும் போதும். இரண்டாவதுக்கு டாக்டரும் வெட்டும் கருவியும் வேண்டும். கீழே சொல்வதில் பாதி, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதைப் பற்றித்தான்.

இவ்வளவு சின்ன வயதில் ஏன் என்று மனசு அடித்துக்கொள்ளும், அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து வருடங்களில் முதுகுத்தண்டு வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் வளர்கிறது. அந்த வளர்ச்சியையே நேர் திசைக்குத் திருப்பிவிடுவதுதான் இந்தக் கட்டின் வேலை. இந்தக் கட்டுக்குப் பெயர் தந்த டாக்டர் மின் மேத்தா 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 136 குழந்தைகள் இருந்தார்கள். சராசரியாக 19 மாதத்தில், 32 பாகை வளைவோடு சிகிச்சை தொடங்கிய 94 பேருக்கு வளைவு மறைந்தது. சராசரியாக 30 மாதத்தில், 52 பாகையோடு வந்த 42 பேருக்குக் குறைந்ததே தவிர மறையவில்லை. பதினெட்டு மாதத்தில் தொடங்குவது நல்ல நேரம். கழற்றி மாட்டும் பிரேஸ் என்ற முதுகுத் தாங்கியை விட்டுவிட்டுக் கட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் இதுதான்: கட்டு இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்யும்.

மயக்க மருந்து கொடுத்து, தனிச் சட்டத்தில் படுக்கவைத்து, தலையையும் இடுப்பையும் மெல்ல இழுத்துப் பிடித்தபடி கட்டுவார்கள். உள்ளே தையல் இல்லாத ஒரு பனியன், அதன்மேல் மெல்லிய பஞ்சு, அதற்கும் மேல் மாவு அல்லது ஃபைபர்கிளாஸ். முன்பக்கம் வயிற்றுக்கு நேராகப் பெரிய ஜன்னல் ஒன்று வெட்டியிருப்பார்கள், அது மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும். முதுகில், வளைவு உள்வாங்கிய பக்கம் இன்னொரு ஜன்னல் இருக்கும். உள்ளே ஒடுங்கிய விலா எலும்புகள் அந்த வழியாகப் பின்னோக்கி வர இடம் வேண்டும். எனவே அந்த ஜன்னலைத் துணி திணித்து மூடிவிடாதீர்கள்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். குழந்தையை மடியில் நேராக உட்காரவைத்துப் பாருங்கள். கட்டின் கீழ் விளிம்பு தொடையில் குத்தினால் அங்கே சிவப்புக் கோடு விழும். அந்தக் கட்டோடு குழந்தையால் குந்தவும் முடியாது, தரையிலிருந்து பொம்மை எடுக்கவும் முடியாது. தலையைக் குனியும்போது தாடை மேல் விளிம்பில் இடிக்கிறதா, கைகளை முன்னால் நீட்டினால் அக்குள் நசுங்குகிறதா என்றும் பாருங்கள். விளிம்பைச் சீவிக் கொடுப்பது அங்கே ஐந்து நிமிட வேலை. வீட்டுக்கு வந்தபின் அதற்காகவே இன்னொரு பயணம். சங்கடப்படாமல் கேளுங்கள், தினமும் கேட்கப்படுவதுதான்.

முதல் மூன்று நாள்தான் கடினம். மயக்க மருந்தின் எரிச்சல், பட்டினி கிடந்த களைப்பு, திடீரென்று வளையாமல் போன உடம்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மருந்தை முதல் இரண்டு நாள் நேரம் தவறாமல் கொடுங்கள், அழுத பிறகு தேட வேண்டாம். கட்டு மாவாக இருந்தால் முழுக்கக் காய ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். அதுவரை விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையால் தாங்கித் தூக்குங்கள். விரல் பதிந்த குழி உள்பக்கம் மேடாகி, தோலில் புண்ணாகும்.

பிடிக்காத அழுகை தூக்கினால், வேடிக்கை காட்டினால், வெளியே கொண்டுபோனால் அடங்கும், பிறகு திரும்ப வரும். அழுத்தும் அழுகைக்கு ஒரு நிலை உண்டு. ஒரே பக்கம் படுத்தால் வீறிடும், உட்காரவைத்தால் மட்டும் அழும், மருந்து கொடுத்தும் அடங்காது, கை ஒரே இடத்தைத் தேடிப் போகும். அப்படி இருந்தால் "பழகிவிடும்" என்று காத்திருக்காமல் போன் செய்யுங்கள். பல நாள் ஒரே இடத்தில் அழுத குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அழுத்தத்தில் தோல் மரத்துப்போய், அடியில் புண் வளர்ந்துகொண்டிருக்கலாம்.

காத்திருக்கவே கூடாதவை சில உண்டு: மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, கை விரல்கள் சில்லிட்டு வெளுப்பது, ஒரு கையைக் குழந்தை பயன்படுத்தாமல் தொங்கவிடுவது, விடாத வாந்தி, அதிலும் பச்சை நிற வாந்தி. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு விளக்கம். கட்டு உடம்பை நீட்டிப் பிடிக்கும்போது சிறுகுடலின் தொடக்கப் பகுதி ஓர் ரத்தக்குழாய்க்கு அடியில் நசுங்க வாய்ப்பு உண்டு. அரிதுதான், ஆனால் உடனே பார்க்க வேண்டியது.

சாதாரண வயிற்றுத் தொல்லைக்கு வழி எளிது: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மூன்று வேளையாகக் கொடுத்ததை ஆறாகப் பிரியுங்கள். சாப்பிட்டபின் ஜன்னல் வழியாக வயிறு பிதுங்கி நிற்பது சகஜம், அதற்காகவே அந்த ஓட்டை. பிதுங்கிய தோல் வீங்கிக் கெட்டியாகி, விளிம்பில் வெட்டுவதுபோல் இருந்தால்தான் சொல்ல வேண்டும். ஊட்டும்போது கழுத்து விளிம்பைச் சுற்றி ஒரு துணியைச் செருகி, அதன்மேல் பெரிய பிப் ஒன்றைக் கட்டுங்கள். உள்ளே விழும் ஒரு பருக்கை நாலு நாளில் நாறும், உறுத்தும். மலச்சிக்கலும் வரும், தண்ணீரை மறக்க வேண்டாம்.

டயப்பர்தான் தினசரிப் போராட்டம். கட்டின் கீழ் விளிம்பு மேலே நின்று, டயப்பர் அதற்குக் கீழேயே பொருந்தினால் உங்களுக்குப் பாதி வேலை இல்லை. விளிம்பு டயப்பரின் இடுப்புப் பட்டையை மூடினால் இரண்டு டயப்பர் முறை உதவும். வழக்கமான அளவைவிடச் சிறியதை எடுத்து, பக்கவாட்டு ஒட்டுப்பட்டைகளை வெட்டிவிடுங்கள். குழந்தையைப் படுக்கவைத்து, அதன் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் கட்டுக்குள் ஒரு விரல் அளவுக்கு மட்டும் செருகி, சுருக்கம் இல்லாமல் நீவிவிடுங்கள். அதற்கும் மேலே தள்ளினால், நனைந்த டயப்பர் திரிபோல ஈரத்தை உள்ளே ஏற்றிவிடும். பிறகு ஓர் அளவு பெரிய டயப்பரைக் கட்டுக்கு வெளியே சுற்றி ஒட்டுங்கள். இடைவெளியே இல்லை என்றால் வலிந்து திணிக்காதீர்கள், திணித்தது அங்கே அழுத்தும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் ஒருமுறையாவது மாற்றுங்கள். மலம் என்றால் அந்த நிமிடமே. துடைக்கும்போது கால்களை உயரத் தூக்கினால் எல்லாம் முதுகுப் பக்கம் வழிந்து உள்ளே போகும், பக்கவாட்டில் உருட்டித் துடைப்பதே நல்லது.

விளிம்புகளுக்குப் பூவிதழ் போல ஒட்டுப்போடும் முறை ஒன்று உண்டு. தண்ணீர் புகாத டேப்பை ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மூலைகளை உருட்டிக்கொள்ளுங்கள். பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி, ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி ஒட்டிக்கொண்டே வரவேண்டும். ஒரே நீள டேப்பாகச் சுற்றினால் வளைவுகளில் சுருங்கி, அந்தச் சுருக்கமே தோலை அறுக்கும். அழுக்கான இதழை மட்டும் உரித்து மாற்றலாம் என்பது இன்னொரு வசதி. அக்குளிலும் கழுத்திலும் டேப்புக்குப் பதில் மோல்ஸ்கின் என்ற மெத்தென்ற ஒட்டுத்துணி நன்றாக இருக்கும்.

தினமும் காலையும் இரவும் டார்ச் அடித்து எல்லா விளிம்புகளையும், இரண்டு ஜன்னல்களையும் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் படுக்கும் நிலையை மாற்றிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மறைந்துவிட்டால் பயமில்லை. மறையவில்லை என்றாலோ, கொப்புளம் என்றாலோ டாக்டருக்குச் சொல்லுங்கள். டார்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இந்த வயதில் கட்டு ஓர் உண்டியல். கிரேயான், காசு, பொம்மையின் சக்கரம், பிஸ்கட் எல்லாம் உள்ளே போகும். எட்டாத ஆழத்தில் இருந்தால் நீங்களாகத் தோண்ட வேண்டாம். வியர்வை வாசனை எப்போதும் இருக்கும். அழுகிய வாசனை, கட்டின் மேல் புதுக்கறை, காரணமில்லாத காய்ச்சல் இவை வேறு, அன்றே காட்ட வேண்டும்.

அரிப்புக்குக் குச்சி, சீப்பு, ஸ்கேல் எதுவும் உள்ளே போகக்கூடாது. கீறிய தோலுக்குக் காற்றும் இல்லை, மருந்து போட வழியும் இல்லை. பவுடரும் லோஷனும் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கட்டியாகும். ஹேர் டிரையரைச் சூடே இல்லாத காற்றில் வைத்து ஜன்னல் வழியாக ஊதலாம், கட்டின்மேல் விரலால் தட்டலாம். பெரும்பாலும் அரிப்பு என்பது வியர்வைதான். எனவே மெல்லிய பருத்தி உடை ஒன்று மட்டும் போட்டு, அறையைக் குளிர்ச்சியாக வைத்தாலே பாதி அடங்கும்.

குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். தலைக்கு: கழுத்தைச் சுற்றி உலர்ந்த துண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், குழந்தை மேடையில் மல்லாந்து, தலை மட்டும் தொட்டிக்கு மேலே. ஒருவர் பிடிக்க, ஒருவர் குவளையால் ஊற்றலாம். மணல் விளையாட்டும் தண்ணீர் விளையாட்டும் கட்டு இருக்கும்வரை இல்லை.

தூக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் விட வேண்டும். அப்படித் தூக்கினால் கட்டு மேலேறி அக்குளையும் தாடையையும் இடிக்கும். ஒரு கை புட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். படுத்த குழந்தையை எழுப்ப, மரக்கட்டையை உருட்டுவதுபோல் மொத்தமாகப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கீழே இறக்கி உட்காரவையுங்கள். நாலைந்து முறை அப்படிச் செய்தால் குழந்தையே அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். நடை முதலில் தள்ளாடும், ஏனென்றால் உடம்பின் மேல்பாதி கனத்துவிட்டது, இடுப்பை ஒடித்துச் சமாளிக்கவும் முடியாது. கனமான தள்ளுவண்டி பொம்மை ஒன்று நல்ல துணை. மேசை விளிம்புகளுக்கு மெத்தை ஒட்டுங்கள், படிக்கட்டை அடையுங்கள். தரையில் குனிய முடியாத நாட்களில் முழங்கால் உயர ஸ்டூலில் பொம்மைகளைப் பரப்பினால் நின்றபடியே விளையாடும்.

தூக்கம் கடைசியாகத்தான் சரியாகும். புரள முடியாமல் விழிக்கும், நீங்கள் திருப்பிவிட்டால் தூங்கிவிடும். மல்லாந்து படுத்தால் முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு வைத்தால் கீழ் விளிம்பின் அழுத்தம் குறையும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையின் படுக்கையில் மட்டும் தலையணை, துண்டு எதுவும் வைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

கார் சீட்டை, வீட்டுக்குக் கிளம்பும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். கட்டின் தடிப்பால் பெல்ட் எட்டாமல் போகலாம், உட்காரும் இடமும் போதாமல் போகலாம். சீட்டின் மெத்தையை நீங்களாக உருவி எடுப்பது ஆபத்து. முன்கூட்டியே மருத்துவமனையில் கேட்டால் மாற்று ஏற்பாடு சொல்வார்கள்.

உடைகள் ஓரிரண்டு அளவு பெரியதாக, முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும். கட்டு போடும் முன்பே, பிரியமான பொம்மைக்கு ஒரு துணிப்பட்டை சுற்றி "இதுக்கும் கட்டு" என்று காட்டுங்கள். பதினெட்டு மாதக் குழந்தைக்கு விளக்கம் ஏறாது, விளையாட்டு ஏறும். அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கட்டு கல் மாதிரி, கட்டிப்பிடித்து உருளும்போது மண்டையில் படும்.

வழக்கமாக இரண்டு வயதுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கட்டு மாறும். சளி, இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பதைத் தள்ளிவைப்பார்கள். வெட்டும் கருவியின் தகடு அதிரும், சுழலாது. அதன் சத்தம்தான் குழந்தையை மிரட்டும், காதுக்கு மூடி கொண்டுபோங்கள். கட்டை முந்தின நாளே கழற்றும் இடங்களில் அன்று இரவு நல்ல வெதுவெதுப்பான குளியல் கிடைக்கும். உரியும் தோலைத் தேய்க்காதீர்கள், ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். அன்று குழந்தை கட்டு இல்லாததற்காக அழலாம், நடை மறுபடி தள்ளாடலாம். உடம்பு அதற்குள் கட்டைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டிருக்கும், அதனால் இறுக்கமாக ஒரு போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டால் தூங்கிவிடும்.