சட்டம் தெளிவோம்: சம்மன், வாரண்ட், காவல்

கேள்வி: ஒரு வழக்கில் சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று, 67 வயதான என் தந்தைக்குக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்துள்ளது. அது சம்மனா, வாரண்டா என்று தெரியாமல் வீட்டில் அனைவரும் கலங்கிப் போயிருக்கிறோம்.

பதில்: இரண்டும் அன்று, கலங்க வேண்டாம். வழக்கின் விவரம் அறிந்தவரை விசாரணைக்கு வரச் சொல்லிக் காவல் அதிகாரி எழுத்துமூலம் பிறப்பிக்கும் உத்தரவு அது. பேச்சு வழக்கில் அதையும் சம்மன் என்று சொல்லிவிடுகிறோம். குற்ற வழக்கில் சம்மன் எனப்படும் அழைப்பாணையை நீதிமன்றமே பிறப்பிக்கும்; அதில் நீதிமன்ற முத்திரை இருக்கும். குறித்த நாளில் வர வேண்டும் என்பதே அதன் பொருள். அதை மட்டும் வைத்து, பெற்றவரை யாரும் பிடித்துச் செல்ல முடியாது. வாரண்ட், அதாவது பிடியாணை, ஒருவரைக் கைது செய்து முன்னிறுத்துமாறு நீதிமன்றம் காவல்துறைக்கு இடும் கட்டளை. நிறைவேற்றப்படும் வரையிலோ, பிறப்பித்த நீதிமன்றமே ரத்து செய்யும் வரையிலோ அது உயிரோடு இருக்கும் என்பதால், பழைய வாரண்ட்தானே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

தங்கள் தந்தைக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, 60 வயதைக் கடந்த ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு வருமாறு காவல்துறை கட்டாயப்படுத்த முடியாது. அவராக விரும்பினால் நிலையத்துக்குச் செல்லலாம். இல்லையென்றால், வீட்டிலேயே விசாரிக்குமாறு வயதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, அதன் நகலில் ஒப்புதல் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'நீதிமன்றக் காவல்', 'போலீஸ் காவல்' என்று செய்திகளில் வருகிறதே, என்ன வேறுபாடு?

பதில்: கைதானவர் யாருடைய பொறுப்பில் இருக்கிறார் என்பதே வேறுபாடு. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-ஆவது கூறு கட்டளையிடுகிறது. நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்பினால் அது நீதிமன்றக் காவல். இதைத்தான் பலரும் ரிமாண்ட் என்கிறார்கள். விசாரிப்பதற்காகக் காவல்துறையிடமே ஒப்படைத்தால் அது போலீஸ் காவல். அடித்துத் துன்புறுத்தும் ஆபத்து போலீஸ் காவலில்தான் மிகுதி என்பதால், சட்டம் அதை மொத்தம் 15 நாட்களுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. இந்த வரம்பு மிகவும் தேவையானது என்றே கருதுகிறேன்.

குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பிணை கொடுக்க முன்வரும் கைதிக்கு ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. அதனால் வழக்கு முடிந்துவிட்டதாகப் பொருளில்லை. அவர் வெளியே இருந்தபடி அதைச் சந்திப்பார்.