இரண்டு பேஸ் ஆம்ப்பை இணைத்தால் சத்தம் இரட்டிப்பாகுமா?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். என்னிடம் இருப்பது 40 வாட்ஸ் காம்போ ஆம்ப், அதாவது ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். வீட்டில் போதும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்துவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. அதே மாடலை நண்பர் ஒருவர் 9,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கி இணைத்தால் சத்தம் இரண்டு மடங்காகுமா? முதல் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வயரை இரண்டாவதன் இன்புட்டில் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: ஸ்பீக்கர் வயர் யோசனையை உடனே விட்டுவிடுங்கள். கிட்டாரிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. 40 வாட்ஸ் ஆம்ப் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முழு வேகத்தில் அனுப்புவது 18 வோல்ட் அளவில் இருக்கும். அதை இன்புட்டில் செருகினால் இரண்டாவது ஆம்ப் கெட்டுப்போகும். சில ஆம்ப்களில் முதலாவதும் சேர்ந்து போகும். இரண்டு ஆம்ப்பின் ஸ்பீக்கர் அவுட்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ப்பதும் இதே அளவு ஆபத்து.

முறையான வழி இருக்கிறது. முதல் ஆம்ப்பின் பின்னால் எஃபெக்ட்ஸ் சென்ட் அல்லது லைன் அவுட் (ஸ்பீக்கருக்கான பெரிய வோல்ட் இல்லாமல் சிறிய சிக்னலை வெளியே தரும் துளை) இருக்கிறதா பாருங்கள். அங்கிருந்து சாதாரண கிட்டார் கேபிளில் இரண்டாவதன் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னுக்கு, அதாவது அத்தகைய சிக்னலை உள்ளே வாங்கும் துளைக்குக் கொடுக்கலாம். ரிட்டர்ன் இல்லையென்றால், போன் போன்றவற்றை இணைக்கும் ஆக்ஸ் இன்னில் கொடுங்கள். இரண்டாவதன் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள்.

இணைத்த பிறகு அடிநாதம் கூடுவதற்குப் பதிலாக மெலிந்துபோனால், ஒன்றின் ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது என்று அர்த்தம். ஒன்றின் உள்ளே ஸ்பீக்கரின் இரண்டு வயர்களையும் மெக்கானிக்கிடம் இடம் மாற்றச் சொல்லுங்கள். 'ஹும்' என்ற இரைச்சல் வந்தால் இரண்டு பிளக்கையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டார் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடுதான் இணைந்திருக்கின்றன. கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கும்போது ஷாக் அடித்தால் உயிர் போகலாம்.

இனி பண விஷயம். வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவுதான். இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வைத்தால் தாழ்ந்த சுரங்களில் 6 டெசிபல் வரை கிடைக்கலாம். ஆளுக்கொரு மூலையில் வைத்தால் அந்த லாபமும் குறைந்துவிடும். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். 9,000 ரூபாய் கொடுத்து இந்த இரண்டாவது ஆம்ப்பை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

காசில்லாமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். தரையில் இருக்கும் காம்போ உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. ஒரு பெஞ்ச் மேல் ஏற்றி, முகத்தைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். அப்புறம் பேஸ் குமிழைக் குறைத்து, நடு ஒலிகளுக்கான மிட் குமிழைக் கூட்டுங்கள். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தச் சுரங்களுக்கு ஆம்ப் நான்கு மடங்கு சக்தி செலவிட வேண்டும். 40 வாட்ஸ் அங்கேயே கரைந்துவிடும். கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமென்றால் லைன் அவுட்டிலிருந்து, அது இல்லையென்றால் கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி வழியாக, ஆலயத்தின் மிக்ஸருக்குக் கொடுங்கள். டிஐ பாக்ஸ் அந்த 9,000-க்குள் தாராளமாக அடங்கும். இவ்வளவுக்கும் பிறகு போதவில்லையென்றால் இப்போதிருப்பதை விற்று, 200 வாட்ஸுக்கு மேல், எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் அவுட் (வெளியே இன்னொரு ஸ்பீக்கரை இணைக்கும் துளை) உள்ள ஒன்றைப் பழையதாகத் தேடுங்கள்.

கேள்வி: என் ஆம்ப்பில் எக்ஸ்டென்ஷன் ஸ்பீக்கர் அவுட் இருக்கிறது. உள்ளே 8 ஓம்ஸ் ஸ்பீக்கர். பின்னால் 'குறைந்தது 4 ஓம்ஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. 4 ஓம்ஸ் கேபினட் (ஆம்ப் இல்லாத ஸ்பீக்கர் பெட்டி) ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அவுட்டில் இரண்டும் பேரலலாகத்தான், அதாவது பக்க இணைப்பில்தான் சேரும். 8-ம் 4-ம் அப்படிச் சேர்ந்தால் சுமார் 2.7 ஓம்ஸ், அச்சிட்ட 4-க்கும் கீழே. ஆம்ப் சூடாகி நின்றுவிடும், அல்லது எரிந்துபோகும். 8 ஓம்ஸ் கேபினட் வாங்கினால் மொத்தம் சரியாக 4. ஆம்ப் கூடுதல் வாட்ஸ் தரும், காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர் பரப்பும் கூடும். இரண்டாவது ஆம்ப்பை விட இது நல்ல செலவு. 1969-இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் 300 வாட்ஸ் பேஸ் ஆம்ப்பான எஸ்விடி-யையே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட இரண்டு கேபினட்டுகளோடு சேர்த்து வைக்கத்தான் வடிவமைத்தார்கள். வாங்கும்போது கிட்டார் கேபிளைக் கொண்டு இணைக்காமல், தடித்த ஸ்பீக்கர் கேபிள் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.