ஊறுகாய் ஜாடி அடியில் பூக்கும் வெள்ளைப் பொடி

எத்தனை முறை துடைத்தாலும் பழைய ஜாடியின் அடிவளையத்தில் வெள்ளைப் பொடி திரும்பத் திரும்ப வருகிறது, பக்கத்தில் கிளேஸும் (ஜாடிமேல் உள்ள கண்ணாடி போன்ற பூச்சு) செதிலாக எழும்புகிறது என்கிறீர்கள். ஒரு துளி நீரில் பொடி கரைந்துவிட்டால் அது பூஞ்சை அல்ல, உப்பு. பல வருட ஊறுகாயின் உப்பு கிளேஸின் மயிரிழை விரிசல் வழியாக ஜாடியின் சுட்ட மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. ஈரக்காற்றில் கரைந்து, காய்ந்ததும் படிகமாகும்போது அதுதான் கிளேஸை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. துடைப்பதால் பயனில்லை, உப்பை வெளியே இழுக்க வேண்டும்.

ஒட்டுப்போட்ட இடமோ, கிளேஸுக்கு மேல் தீட்டிய பூவேலையோ இருந்தால் ஊற வைக்காதீர்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் தொட்டியில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, முதல் நாள் அடிப்பாகம் மட்டும், மறுநாள் முழுவதும் மூழ்க வையுங்கள். ஒரேயடியாக முக்கினால் உள்ளே சிக்கும் காற்று தளர்ந்த செதிலைக் கிளப்பிவிடும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றுமுன், நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள்: முதலில் எகிறும், பிறகு படிப்படியாக இறங்கும். மீட்டர் எண் புதுத் தண்ணீரின் எண்ணை ஒட்டி மூன்று நாள் நின்றால் போதும். கடைசி இரண்டு முறைக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்.

வினிகர், பிளீச்சிங் பவுடர் இரண்டும் வேண்டாம். பிளீச்சிங் புது உப்பைத்தான் சேர்க்கும். வெயிலில் வைக்காமல், நிழலில் இரண்டு கட்டைமேல் கவிழ்த்து மூன்று வாரம் உலரட்டும்.

அலமாரிக்கு அழகுதான். ஆனால் கிளேஸில் ஈயம் இருக்கக்கூடும், அதில் மறுபடி எலுமிச்சை ஊறுகாய் போட்டுவிடாதீர்கள்.